திருகாணியும் உரிமையும்

மனிதன் பூட்டியதை மனிதனால் அவிழ்க்க முடியும். பட்டறையிற் பயில வந்த சிறுவன் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ளும் உண்மை இது. துவிச்சக்கர வண்டியையும் தையல் யந்திரத்தையும் அவிழ்த்துப் பூட்டிய கைகள் நம் ஊர்களிற் குறைவில்லை. ஆனால் மேசைமீதுள்ள மடிக்கணினி பழுதுபட்டதும் அதே கைகள் தயங்குகின்றன. அதனைத் திறப்பது, அனுமதியின்றிக் கருவறைக்குள் நுழைவது போன்ற பாதகச் செயலாகத் தோன்றுகிறது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

யந்திரத்தின் நுட்பமே காரணம் என்பர் சிலர். அந்த நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மின்னிணைப்பைக் கழற்றி, யந்திரத்தை முற்றாக நிறுத்திக் கவிழ்த்து வைத்தால், அடிமூடியிற் சில திருகாணிகள் தெரியும். அவை யாவும் ஒரே நீளமுடையன அல்ல. குட்டைத் திருகாணிக்குரிய துளையில் நெடியதைச் செலுத்தினால் உள்ளிருக்கும் சுற்றுப்பலகை சேதமுறும். ஆதலின் ஒரு தாளில் அடிமூடியின் உருவை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தல் வேண்டும். மூடியின் விளிம்பிலுள்ள கொளுவிகளை மெல்லிய பிளாத்திக்குத் தகட்டால் ஒவ்வொன்றாக விடுவித்தால் மூடி கழன்றுவிடும். உள்ளே முதற் செய்யவேண்டியது பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. பின்னர், உலோகமொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு மேலே செல்லலாம். நினைவகத் துண்டின் இருமருங்கிலுமுள்ள கொளுவிகளை விலக்கினால் அது தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்விற் செருகி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வன்தட்டைச் சில திருகாணிகளே பிடித்து நிற்கும். பொறுமையும் நல்ல வெளிச்சமும் சிறு திருப்புளிகளும் இருந்தால் வீட்டு மேசையிலேயே முடியக்கூடிய வேலை இது.

இங்ஙனம் அமைந்த மடிக்கணினிகள் பல உண்டு. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேறுவிதமான மடிக்கணினிகள் பெருகிவருகின்றன. அவற்றில் நினைவகத்தைப் பற்றாசு வைத்துப் பலகையோடு பிணைத்துள்ளனர். பற்றரியைப் பசையால் ஒட்டியுள்ளனர். சிலவற்றின் மூடித் திருகாணிக்குச் சாதாரணத் திருப்புளி பொருந்தாது. செய்யும் வேலை ஒன்றே. அதற்கான வாயிலை மட்டும் அடைத்துவிட்டார்கள். அடைத்தவர் யார், எதற்காக என்பதைச் சரித்திரமே நமக்குச் சொல்லும்.

★

துப்பாக்கியிலிருந்து இக்கதை தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பாக்கியின் வெடிப்பொறியைக் கைவினைஞர் ஒவ்வொன்றாக அராவிப் பொருத்தினர். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரு சிறு வில் ஒடிந்தாலும் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் புதிதாக அராவித் தரவேண்டும். பிரான்சில் ஒனொரே பிளாங் என்பவர் எல்லா உறுப்புகளையும் ஒரே அளவிற் செய்யும் முறையைக் கண்டார். 1785ஆம் ஆண்டில், அமெரிக்கத் தூதராகப் பாரிசிலிருந்த தோமஸ் ஜெபர்சனின் முன் அவர் ஐம்பது வெடிப்பொறிகளின் உறுப்புகளைத் தனித்தனியாக வைத்தார். ஜெபர்சன் கைக்குக் கிடைத்த உறுப்புகளை எடுத்துத் தாமே பூட்டினார். அவை பிசகின்றிப் பொருந்தின. படைக்கலம் பழுதுபடும்போது இதனாலுண்டாகும் பயன் வெளிப்படையானது என்று அவர் தம் நாட்டுக்கு எழுதினார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்பு என்ற எண்ணத்தின் தொட்டிலிலேயே திருத்தல் என்பதும் பிறந்திருக்கிறது. பின்னாளில் அது பேருற்பத்தியின் அத்திவாரமாயிற்று. 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யோசெப் விற்வேர்த், பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டிருந்த திருகாணிப் புரிகளுக்கு ஒரு பொது அளவினை முன்வைத்தார். அதன் பயனாக, ஓர் ஊரிற் செய்த ஆணி இன்னோர் ஊரிற் செய்த சுரைக்குப் பொருந்தலாயிற்று.

அரசுகளும் ஆலையதிபர்களும் இதனை மக்கள்மீதுள்ள அன்பினாற் செய்யவில்லை. மலிவான உற்பத்தியையும், கைவினைஞனின் தனித்திறமையிற் தங்கியிராத தொழிலையும் அவர்கள் வேண்டினர். கைவினைஞன் தன் தொழிலின்மீது கொண்டிருந்த ஆட்சியை இம்முறை பறித்தது என்பதும் உண்மை. ஆயினும் சரித்திரத்தின் முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. தொழிலாளியிடமிருந்து பறித்த முறையே, பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர் கையில் ஒரு புதிய ஆற்றலைத் தந்தது. 1908 முதல் 1927 வரை ஃபோர்ட் ஆலைகள் ஒன்றரைக் கோடி 'மொடல் ரி' மோட்டார் வண்டிகளைச் செய்தன. அமெரிக்க விவசாயி அவற்றைத் தன் களஞ்சியத்திலேயே அவிழ்த்துத் திருத்தினான். யந்திரம் அவனுக்கு எசமானாக இல்லை. அவனுடைய எருதுபோல, அவன் அறிந்த ஒன்றாக இருந்தது.

★

முதலாளித்துவத்துக்கு இந்நிலை நெடுங்காலம் பொறுக்கவில்லை. திருத்தி வைத்துக்கொள்ளும் பொருள், மீண்டும் வாங்கப்படாத பொருள். சந்தை நிரம்பியதும் உழைக்கும் பொருளே இலாபத்துக்குப் பகையாயிற்று. 1920களில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றி, நேற்றைய வண்டியை அதன் சொந்தக்காரனே வெறுக்கச் செய்யும் வழியைக் கண்டது. 1924ஆம் ஆண்டில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்குமிழ்க் கம்பனிகள் ஜெனீவாவை மையமாகக் கொண்டு 'ஃபீபஸ்' என்ற கூட்டொன்றை அமைத்தன. ஒரு குமிழ் 1,000 மணித்தியாலத்துக்கு மேல் எரியலாகாது என்று அக்கூட்டு விதித்தது. மிகுதியாக எரியும் குமிழைச் செய்த கம்பனிக்குத் தண்டமும் விதித்தது. பொருளைச் செம்மையாகச் செய்ததற்குத் தண்டம்! இரண்டாவது உலகயுத்தம் அக்கூட்டைக் கலைத்தது. அதனைப் பிறப்பித்த எண்ணத்தைக் கலைக்கவில்லை. 1932ஆம் ஆண்டில், பொருளாதார மந்தத்தின் நடுவே, பேர்ணாட் லண்டன் என்ற அமெரிக்கர் ஒவ்வொரு பொருளுக்கும் அரசே ஆயுளைக் குறித்து, அக்காலம் முடிந்ததும் அதனைச் சட்டப்படி இறந்ததாகக் கொள்ளவேண்டும் என்று ஒரு சிறுநூலில் யோசனை கூறினார். பட்டினி கிடக்கும் மக்களுக்கு நடுவே பொருள்களைக் கொன்று தொழிலை வாழ்விக்கும் யோசனை!

★

கணினியின் சரித்திரத்திலும் இவ்விரு போக்குகளும் மோதுவதைக் காணலாம். ஐ.பி.எம். கம்பனி நெடுங்காலம் தன் யந்திரங்களை விற்காமல் வாடகைக்கே விட்டது. திருத்தும் வேலையும் அதன் கையிலேயே இருந்தது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் முடிவில், யந்திரங்களை விற்கவும், உதிரிப்பாகங்களைச் சொந்தக்காரருக்கும் வெளித் திருத்துநருக்கும் கொடுக்கவும் அக்கம்பனி உடன்படவேண்டியதாயிற்று. அன்று அரசுக்கே தெரிந்திருந்தது, திருத்தல் என்பது ஏகபோகத்தின் ஒரு பிடி என்று.

1977ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பிள் இரண்டாம் கணினியின் மூடியைக் கையாலேயே தூக்கலாம். அதன் கைந்நூலிற் சுற்றுப்படமும் அச்சாகியிருந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினிக்கும் அத்தகைய தொழில்நுட்பக் கைந்நூல் இருந்தது. 1984ஆம் ஆண்டில் அதே அப்பிள் கம்பனியின் மக்கின்ரொஷ் வந்தபோது காற்றுத் திசைமாறியது. அதனைத் திறக்க, ஆழக்குழியிற் கிடந்த திருகாணிகளை எட்டும் நீண்ட தனிவகைத் திருப்புளி வேண்டும். அதனை ஆக்கியோரின் கையொப்பங்களைப் பெட்டியின் உட்புறத்திற் பதித்திருந்தார்கள். உழைத்தவரின் பெயர் உள்ளே, வாங்கியவர் வெளியே, இடையிற் பூட்டு.

மடிக்கணினியில் இப்பூட்டு இன்னும் இறுகியது. 2008ஆம் ஆண்டின் மக்புக் எயார் பற்றரியை உள்ளே மூடிவைத்தது. 2009இல் அக்கம்பனி ஐந்திதழ்த் திருகாணி என்ற புதுவகையைக் கொண்டுவந்தது. அதற்கேற்ற திருப்புளி அன்று பொதுச்சந்தையில் இல்லை. 2012ஆம் ஆண்டின் ரெற்றினா மடிக்கணினியில் நினைவகம் பற்றாசினாற் பிணைந்தது, பற்றரி பசையால் ஒட்டியது. பிற கம்பனிகள் பலவும் இவ்வழியே சென்றன. எவ்வூர் ஆணியும் எவ்வூர்ச் சுரைக்கும் பொருந்தவேண்டும் என்று 1841இற் தொடங்கிய முயற்சி, நூற்றறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் தலைகீழாயிற்று. பொருத்துவதற்காகப் பிறந்த திருகாணி பூட்டாக மாறியது.

பூட்டு இரும்பால் மட்டும் ஆனதன்று, சட்டத்தாலும் ஆனது. 1993ஆம் ஆண்டில், எம்.ஏ.ஐ. கம்பனிக்கும் பீக் என்னும் திருத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க நீதிமன்றமொன்று விந்தையான தீர்ப்பை வழங்கிற்று. திருத்துநர் கணினியை இயக்கும்போது அதன் செய்நிரல் நினைவகத்திற் படிகிறது. ஆகவே அது பதிப்புரிமையை மீறிய படியெடுப்பு என்பது அத்தீர்ப்பு. யந்திரத்தைத் தொடக்கிப் பார்ப்பதே குற்றமானால் அதனைத் திருத்துவதெங்ஙனம்? 1998ஆம் ஆண்டிற் சட்டத்தைத் திருத்தித்தான் இதனைச் சரிசெய்தார்கள். 2012ஆம் ஆண்டில், தொஷிபா மடிக்கணினிகளின் திருத்தற் கைந்நூல்களை நூற்றுக்கணக்கிற் சேர்த்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருந்த ஓர் அவுஸ்திரேலியரிடம், கம்பனியின் சட்டத்தரணிகள் பதிப்புரிமையைக் காட்டி அவற்றை நீக்குவித்தார்கள்.

★

கம்பனிகளின் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்கவேண்டும். மக்கள் மெல்லிய யந்திரத்தை விரும்புகின்றனர், அதற்குப் பசையும் பற்றாசும் வேண்டும் என்கின்றனர். பற்றரி ஆபத்தானது என்கின்றனர். பின்னதில் உண்மை உண்டு. வீங்கிய இலிதியம் பற்றரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பற்றும். அதனைக் கழற்றுவோர் மிகுந்த கவனத்தோடிருத்தல் வேண்டும். ஆனால் ஆபத்தானதொன்றைப் பசையால் ஒட்டி, பெயர்த்தெடுக்கச் செய்வது ஆபத்தைக் குறைக்குமா, கூட்டுமா? மேலும், மடிக்கணினியில் மற்ற எவ்வுறுப்பு நீடித்தாலும் பற்றரி தேய்ந்தே தீரும். அது இரசாயன நியதி. நிச்சயம் தேய்வதைக் கழற்ற முடியாதபடி ஒட்டுவது, முழு யந்திரத்துக்கும் சாவுநாள் குறிப்பதாகும். 1932ஆம் ஆண்டின் யோசனை அரசுச் சட்டமின்றியே நிறைவேறுகிறது!

மெலிவு என்ற வாதத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் ஃபிறேம்வேர்க் என்ற கம்பனி, ஏறக்குறைய எல்லா உறுப்புகளையும் மாற்றக்கூடிய மெல்லிய மடிக்கணினியைத் திருப்புளியும் சேர்த்தே விற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, திருத்தலைத் தடுப்பதற்கு உற்பத்தியாளர் காட்டும் நியாயங்களுக்குச் சான்று மிக அற்பமே என்று தன் அறிக்கையிற் கூறியது.

★

பூட்டு இறுகிய காலத்திலேயே அதனைத் திறப்போரும் தோன்றினர். 2003ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவில் கைல் வீன்ஸ், லூக் சூல்ஸ் என்னும் இரு மாணவர்கள் பழுதான ஐபுக் மடிக்கணினி ஒன்றைத் திருத்தக் கைந்நூல் தேடினர், கிடைக்கவில்லை. தாமே அவிழ்த்துப் பார்த்துக் கற்றதைப் படங்களோடு எழுதி வெளியிடலாயினர். ஐஃபிக்சிற் என்ற நிறுவனம் அவ்வாறு பிறந்தது. அவர்களும் உதிரிப்பாகமும் கருவியும் விற்றே பிழைத்தனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும், தாம் அவிழ்த்ததை எழுதிவைக்கும் பல்லாயிரம் பேரின் கூட்டுழைப்பு அங்கே திரண்டது. மறைத்துவைத்த கைந்நூலுக்கு மக்கள் எழுதிய மாற்றுக் கைந்நூல் அது.

அடுத்து, போராட்டம் சட்டமன்றங்களை எட்டியது. 2012ஆம் ஆண்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தில் மோட்டார் வண்டியைத் திருத்தும் உரிமைபற்றிய வினாவுக்கு விடையளித்தோரில் 86 வீதத்தினர் ஆதரவாக வாக்களித்தனர். மடிக்கணினி முதலிய பொருள்களுக்குத் எளிதில் திருத்தக்கூடிய தன்மைபற்றிய சுட்டெண்ணைக் குறித்தே விற்கவேண்டும் என்று பிரான்சு 2021இல் விதித்தது. 2022ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் மின்னணுப் பொருள்களுக்கான திருத்துமுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது; கைச்சாத்திடும் வேளையிற் புகுத்திய மாற்றங்கள் அதன் பல்லைப் பிடுங்கின. உறுப்பொன்றை அதன் இலக்கத்தைக் கொண்டு செய்நிரலால் ஒரே யந்திரத்தோடு பிணைத்து, வேறு உறுப்பை ஏற்காதிருக்கச் செய்யும் தந்திரத்தை ஒறிகன் மாநிலம் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. ஒரு பூட்டைத் திறந்தால் மூலதனம் இன்னொன்றைப் பூட்டுகிறது. ஆயினும் திறக்கும் கைகளும் பெருகுகின்றன.

இது வசதிபடைத்தோரின் பொழுதுபோக்குப் பற்றிய பிணக்கன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தியதாகப் பதிவானது 22.3 வீதமே. எஞ்சியதில் ஒரு பகுதி ஏழை நாடுகளின் குப்பைமேடுகளில், வெறுங்கையோடு கம்பியை எரித்துச் செம்பு பொறுக்குவோரின் சுவாசத்திற் கலக்கிறது. கொங்கோவின் சுரங்கத்தில் கொபோல்ற்று தோண்டியவனின் உழைப்பும், ஆலையிற் பூட்டியவளின் உழைப்பும் தேய்ந்த ஒரு பற்றரிக்காகக் குப்பையாகின்றன. பொருளைத் திருத்துதல் என்பது அதனுள் உறைந்துள்ள உழைப்பை மதித்தலாகும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! கணினியை இயக்கக் கற்பிக்கும் நம் பாடசாலைகள் அதனைத் திறக்கக் கற்பிப்பதில்லை. இயக்க மட்டும் அறிந்தவன் வாடிக்கையாளன். திறந்து பார்க்கவும் அறிந்தவனே உடைமையாளன். பாடசாலையின் மூலையில் இறந்துபோனதென ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று கிடக்கக்கூடும். அதனை ஒரு மேசைமேல் வையுங்கள். பற்றரியின் இணைப்பை முதலிற் கழற்றுங்கள். ஒரு தாளில் அதன் உருவை வரைந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வையுங்கள். அது மீண்டும் உயிர்பெறாமலும் போகலாம். ஆனால் அம்மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள், மூடிய பெட்டியைக் கண்டு இனி அஞ்சமாட்டார்கள்.