தணிகைக்குக் கிடைத்த களவுக் காவியம்

திருத்தணியில் பிறந்த கச்சியப்ப முனிவரை, கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியாரோடு குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. சிவாச்சாரியார் காலத்தால் மிக முந்தியவர். முனிவரோ 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்து, சிவஞான முனிவரிடம் பாடம் கேட்டு, 1790-இல் காஞ்சியில் மறைந்தவர். பெயர்க் குழப்பத்தைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. பிறந்த ஊருக்கு அவர் பாடிய தணிகைப் புராணத்தைப் பத்தோடு பதினொன்றாக ஒரு தலபுராணம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஓர் ஊரை மனத்தில் நிலைக்கும்படி எழுதும் கலை நாவலோடுதான் தமிழுக்கு வந்தது என்ற எண்ணத்தை அந்த நூல் பொய்யாக்குகிறது.

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. அதே காலத்தில் பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் குன்றொன்றில் பிறந்த மச்சாடோ டி அசிஸ் 1881-இல் 'பிராஸ் குபாஸ்' நாவலை நூலாக்கினார். அந்நகரை விட்டு அரிதாகவே வெளியே சென்ற அவர், தம் கதைகளில் பெரும்பாலானவற்றை அதன் தெருக்களிலும் கூடங்களிலுமே நடத்தினார். இவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், ஊரை எழுத நினைத்த தமிழ்ப் புலவர் கையில் இருந்த வடிவம் தலபுராணம். தணிகை, முருகன் சினம் தணிந்த மலை. சுனையில் காலை, உச்சி, மாலை என நாளும் மூன்று நீலோற்பலங்கள் மலரும். இந்த ஐதிகங்கள் யாருக்கும் பொதுவானவை. கச்சியப்பரின் தனித்தன்மை, மணத்துக்கு முந்திய மறைவான காதலாகிய களவைப் பாடும் களவுப் படலத்தில் இருக்கிறது. குறவர் மகள் வள்ளிக்கும் முருகனுக்கும் இடையிலான காதலை அற்புத நிகழ்ச்சிகளின் தொகுப்பாக மட்டும் சொல்லாமல், தலைவி, தோழி, தலைவன் என்று அகப்பொருள் துறைகளின் வழியே அவர் நடத்துகிறார்.

அந்த முறை கதைக்குள் என்ன செய்கிறது என்பதற்குத் தினைப்புனம் ஒன்றே போதும். பரணில் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டும் வரைதான் பெண்ணுக்குப் புனத்தில் இடம். கதிர் முற்றிக் கொய்துவிட்டால் அவள் சிறுகுடிக்குத் திரும்ப வேண்டும், சந்திப்பும் நின்றுபோகும். ஆகவே தினை விளைவதே காதலர்க்குக் கெடுவாகிறது. குறவர் வாழ்வின் பயிர்க்கணக்கும் மனத்தின் தவிப்பும் ஒரே நூலில் கோத்த மணிகளாகின்றன. தொல்காப்பியத்தின் முதற் சூத்திரத்துக்கு விருத்தி எழுதிய ஆசிரியரிடம் இலக்கணம் பயின்றவர், அந்தப் பயிற்சியைக் கதையின் உயிராக்கியிருக்கிறார்.

புராணம் தெய்வக் கதைதானே, அதில் வரலாறு எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மன்னர் ஆட்சியாண்டுக்கு அது சான்றாகாது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டு மடத்துக் கல்வியில் அகமரபு உயிரோடு இருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று. நடை கடினம் என்பதும் உண்மை. பாடம் கேட்டுப் படித்த மாணவர் உலகத்துக்காக எழுதிய நூல் அது. அந்த உலகம் கலைந்த பிறகு எஞ்சிய கடினத்தைக் கவிஞரின் குறையாக்குவது முறையல்ல. நாவலாசிரியனுக்குரிய ஐயமும் தன்விசாரணையும் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதலின் தயக்கத்தையும் அச்சத்தையும் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் நுட்பம் இருக்கிறது.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, எல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால் மலை ஒரு மொழிக்கு மட்டும் உரியதாகிவிடவில்லை. தெலுங்கு பேசும் அடியார்கள் இன்றும் படியேறுகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இங்கே வடமொழியில் பாடினார் என்பது இசை மரபு. இத்தனை மொழிகள் ஏறிய மலைக்குத் தமிழ் தந்த காணிக்கை, மலைநிலக் காதலைப் பாடும் குறிஞ்சித் திணை. முருகனைத் தினைப்புனத்துத் தலைவனாகவே நிறுத்திய அந்தக் களவுப் படலத்தை, திருத்தணிப் பள்ளிகளிலாவது பொருள் சொல்லிப் படிக்க வைக்க வேண்டும்.