தேர் முக்குல ஒரு கச்சேரி, திண்ணையில இன்னொன்னு

ஹெட்ஃபோன் போட்டுக் கேக்குறவங்க தலையை இடது பக்கம் திருப்புங்க. என் குரல் மாறலை இல்லையா? வலது பக்கம் திருப்புங்க. அப்பவும் அதேதான். பஸ்ல ஜன்னலோர சீட்ல இருந்தாலும் வீட்டு மொட்டை மாடியில இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே எபிசோடுதான். இது நமக்குப் பழகிப்போச்சு. ஆனா நம்ம ஊர் இசையில ஒரு பெரிய பகுதி இதுக்கு நேர் எதிரா வளர்ந்தது. நீங்க எங்க நிக்கிறீங்க என்பதுதான் உங்களுக்கு எந்தக் கச்சேரி கிடைக்கும் என்பதை முடிவு பண்ணும்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் ரோட்டுல பத்து கிலோமீட்டர் போனா வில்லியனூர். அங்க திருக்காமீசுவரர், கோகிலாம்பிகை கோயில். பிரம்மோற்சவத்துல தேர் இழுக்கும்போது ஒரு விசேஷம் உண்டு. பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல கவர்னரே வந்து ஜனங்களோட சேர்ந்து வடம் பிடிப்பார். இன்னைக்கும் அந்த வழக்கம் நிக்கலை, துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுத்து வைக்கிறார். மறுநாள் பேப்பர்ல அந்த போட்டோதான் வரும். நாம இன்னைக்குப் பேசப்போறது போட்டோவுல வராத ஆட்களைப் பத்தி: தேருக்கு முன்னால நடந்துக்கிட்டே வாசிக்கிற நாகஸ்வரம், தவில் கோஷ்டி. பழைய பேர்ல சொன்னா பெரிய மேளம்.

சாமி புறப்பாட்டுக்குன்னே இவங்ககிட்ட ஒரு உருப்படி இருக்கு. மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், சாகித்யம் கிடையாது. பாட்டு வரி இல்லாம வெறும் ஸ்வரமும் தாளக்கட்டும்தான். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒண்ணு, தளிகைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா உண்டு. அதனால மடைப்பள்ளியில இருக்கிறவருக்கும் வெளியே என்ன நடக்குதுன்னு காதாலேயே தெரிஞ்சிடும். புறப்பாடு ஆனதும் மல்லாரி. வீதியில இறங்கினதும் ராக ஆலாபனை, அப்புறம் கீர்த்தனை, பதம்னு போகும். சாமி திரும்பி உள்ளே வரும்போது எச்சரிக்கை. எந்த வீதியில எதுன்னு கோயிலுக்குக் கோயில் மாறும், ஆனா வரிசைன்னு ஒண்ணு உண்டு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. சன்னதி வாசல்ல வீடு இருக்கிறவருக்கு வருஷா வருஷம் மல்லாரி. பின்பக்க வீதியில இருக்கிறவருக்கு நடுவுல வர்ற ராகம். ரெண்டு பேரும் ஒரே திருவிழாவைத்தான் பார்த்தாங்க, ஆனா கேட்டது வேற வேற. முழுசா கேக்கணும்னா ஒரே வழிதான், கூடவே நடக்கணும்.

இதுல அதிர்ஷ்டசாலி முக்கு வீட்டுக்காரர். தேரை நேரா இழுக்கிறது சுலபம், திருப்புறதுதான் பெரும்பாடு. முட்டுக்கட்டை போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, அங்குலம் அங்குலமா திருப்பணும். அதுவரைக்கும் மேளம் எங்க போகும்? அந்த முக்குலதான் நிக்கும். நின்னா, வித்வானுக்கு ராகத்தை விரிக்க நேரம் கிடைக்கும். தெருவோட நடுவுல இருக்கிற வீட்டுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்ச இடத்துல முக்கு வீட்டுக்கு அரை மணி நேரம் கிடைக்கலாம். சங்கீத ஞானத்தால வந்த பாக்கியம் இல்லை, சக்கரத்தால வந்தது.

தூரமும் இதே மாதிரி வேலை செய்யும். நாகஸ்வரத்தைப் பத்தடியில நின்னு கேட்டா காதைத் துளைக்கும். சீவாளியிலிருந்து வர்ற ஒலியில மேல் ஸ்தாயி துணை ஒலிகள் அவ்வளவு இருக்கு. ஆனா காத்து அந்த உயர்ந்த அதிர்வுகளைத்தான் முதல்ல தின்னும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனா கூர்மை கரைஞ்சு, குழைவு மட்டும் மிஞ்சும். தவிலும் அப்படித்தான். வலந்தலையில கூடு போட்ட விரல் பண்ற பொடி வேலையெல்லாம் கிட்ட இருக்கிறவங்களுக்கு. தொப்பியில கம்பு விழுற கனமான அடிதான் ஊர் தாண்டிப் போகும். அதுவும் 340 மீட்டருக்கு ஒரு நொடி தாமதமா.

ராத்திரி ஆயிட்டா இன்னொரு விளையாட்டு. பாகூர் மாதிரி பெரிய ஏரி இருக்கிற ஊர்ல, தண்ணிக்கு மேல காத்து குளிர்ந்தும் அதுக்கு மேல கொஞ்சம் சூடாவும் இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைஞ்சு கீழே இறங்கும். பகல்ல கேக்காத பக்கத்து ஊர் மேளம் ராத்திரி கரையில நின்னா தெளிவா கேக்குறது அதனாலதான்.

பிசிக்ஸ் படிச்சவங்க டாப்ளர்னு கை தூக்குறது தெரியுது. 1845ல நெதர்லாந்துல பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி ஓடுற ரயில்ல ஹார்ன் வாசிக்கிறவங்களை ஏத்தி, பாதையோரத்துல சுருதி தெரிஞ்ச இசைக்காரங்களை நிறுத்தி அதை நிரூபிச்சார். நம்ம தேர் போற வேகத்துக்கு அதெல்லாம் ஆகாது. சுருதி பத்திரம்.

ஐரோப்பாவுல 1971ல ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பெர்லின் டியர்கார்டன் பூங்காவுல ஒரு கச்சேரி நடத்தினார். ஐந்து குழுக்கள் மரங்களுக்கு நடுவுல தள்ளித் தள்ளி வாசிச்சாங்க, ரசிகர்கள் நடுவுல நடந்துக்கிட்டே கேட்டாங்க. புதுமைன்னு பேசப்பட்டுச்சு. 'நாங்க அப்பவே பண்ணிட்டோம்'னு மார் தட்ட எனக்கும் ஆசைதான். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் பூங்காவுல யார் எங்க வேணும்னாலும் நிக்கலாம். நம்ம தேர் வீதியில அப்படி இல்லை.

தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல தேரோடும் வீதி யாருடைய வீதி, அதுல யார் நிக்கலாம், வடத்தை யார் தொடலாம் என்பதெல்லாம் சாதிக் கணக்கு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில வடம் பிடிக்கிற உரிமைக்காக 1998ல எழுந்த தகராறு நீதிமன்றம் வரைக்கும் போச்சு, தேரே பல வருஷம் ஓடலை. அப்போ தூரத்துல கேட்ட அந்தக் குழைவான நாகஸ்வரம் இருக்கே, அதைச் சிலர் விரும்பித் தள்ளி நின்னு கேக்கலை. கிட்ட வர விடாததால கேட்டாங்க. ஊரோட ஒலி வரைபடமும் சாதி வரைபடமும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தும். பறையை ஊர்க்கோடியிலும் நாகஸ்வரத்தைச் சன்னதியிலும் வெச்ச அதே கைதான் கேக்குறவங்களையும் நிறுத்தி வெச்சது.

வாசிச்சவங்களுக்கும் அது சுகமான இடமில்லை. விடிய விடிய நடை. பெரிய மனுஷன் எதிர்ல தோள்ல துண்டு போடக்கூடாது, இடுப்புல கட்டணும்னு ஒரு காலம் இருந்துச்சு. சுயமரியாதை இயக்கம் அதை எதிர்த்தே சண்டை போட்டிருக்கு. இந்தப் பின்னணியில திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பாருங்க. 1898ல பிறந்து 1956ல மறைஞ்சவர். வாய்ப்பாட்டுக்காரருக்கு இருக்கிற மேடை எனக்கும் வேணும்னு கேட்டார். ஒத்துக்குப் பதிலா தம்புரா வெச்சார். குட்டையான, சுருதி ஏறின திமிரி திறந்தவெளியில கிழிச்சுக்கிட்டுப் போகும். அவர் நீளமான, சுருதி இறங்கின பாரி நாகஸ்வரத்தைப் பரப்பினார். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடையிற வாத்தியம் அது. உட்கார்ந்து, மைக் வெச்சு வாசிக்க ஏத்தது. 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி டெல்லியில சுதந்திரத்துக்கு வாசிச்சதும் அவர்தான்.

அந்த மைக் என்ன பண்ணுச்சுன்னா முக்கு வீட்டோட சலுகையை ஒழிச்சிடுச்சு. தோடி எல்லாருக்கும் ஒரே தோடி ஆச்சு. டிக்கெட் விலையில மட்டும் வித்தியாசம். நடந்துக்கிட்டே கேட்டு, ராகம் எந்த முக்குல முடியும்னு பந்தயம் கட்டின ரசிகரும் அதோட காணாம போனார். எனக்கு அவரைக் கேக்க ஆசை. ஆனா அவருக்காக ராஜரத்தினம் பிள்ளையைத் திரும்ப நடக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை.

வில்லியனூர் தேர் பெரும்பாலும் மே கடைசி, ஜூன் பக்கம் வரும். போனா, வடத்துக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம், அப்புறம் முதல் திருப்பத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. போனை வெளியே எடுக்காதீங்க, எப்படியும் அது ஒரே இடத்துல நின்னதைத்தான் பதிவு பண்ணும். தேர் திரும்பி முடிஞ்சு மேளம் நகர்ந்ததும் கூடப் போகாம அங்கேயே நின்னு, சத்தம் எந்த வீடு வரைக்கும் போய் அடங்குதுன்னு கேட்டு வாங்க. அடுத்த எபிசோடுல அதைப் பத்திப் பேசுவோம்.