நூலகத்தைக் காத்த நூலகர்கள்

இஸ்லாமிய நாகரிகத்தின் நூலகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கலீஃபாக்களையும் அமைச்சர்களையுமே நினைவுகூர்கிறோம். அந்நூலகங்களின் கதவை அன்றாடம் திறந்து, ஏடுகளை அடுக்கி, வந்தவருக்கு எடுத்துக்கொடுத்த மனிதர்களின் பெயர்கள் நம் நாவில் வருவதில்லை. ஆயினும் ஒரு நூலகம் நிலைக்கத் தகுதியுடையது என்பதைச் சமூகத்திற்கு உணர்த்தியவர்கள் அவர்களே. மேடையேறி வாதிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. தம் அன்றாடப் பணியையே வாதமாக ஆக்கினார்கள்.

ஹிஜ்ரி 355இல் (கி.பி. 966) ரய் நகரில் குராசானிலிருந்து வந்த போர்வீரர்கள் அமைச்சர் இப்னுல் அமீதின் மாளிகையைச் சூறையாடினர். அமர ஓர் இருக்கையோ, நீர் பருக ஒரு பாத்திரமோ எஞ்சவில்லை. அந்நிலையிலும் அமைச்சரின் உள்ளம் தம் நூல்களிலேயே இருந்தது. நூலகர் மிஸ்கவைஹைக் கண்டதும் அவற்றைப் பற்றியே கேட்டார். நூறு ஒட்டகச் சுமைக்கும் மேற்பட்ட அந்நூல்களை எவர் கையும் தீண்டவில்லை என்று அறிந்தபோது அவர் முகம் மலர்ந்தது. மற்றச் செல்வங்களுக்கு ஈடு உண்டு, இவற்றுக்கு ஈடில்லை என்பதே அவர் கருத்து. பிற்காலத்தில் வரலாற்றாசிரியராகவும் ஒழுக்கவியல் அறிஞராகவும் புகழ்பெற்ற மிஸ்கவைஹ் இந்நிகழ்வைத் தாமே எழுதிவைத்துள்ளார். அமைச்சருடன் ஏழாண்டுகள் இரவும் பகலும் உடனிருந்தவர் அவர். பொறுப்பிலுள்ளவரின் உள்ளத்தில் நூல்களுக்கு இடம் இருந்தால்தான் நெருக்கடி நாளில் அவை நினைவுக்கு வரும். அந்த இடம் ஒரே நாளில் உருவாவதன்று.

புகாராவில் சாமானிய அமீரின் நூலகத்திற்குள் நுழைய இப்னு சீனாவுக்கு இளவயதில் அனுமதி கிடைத்தது. அங்கே பல அறைகள் இருந்தன. மொழியும் கவிதையும் ஓர் அறையில், ஃபிக்ஹு மற்றோர் அறையில் என ஒவ்வொரு துறைக்கும் தனியிடம் இருந்தது. அவர் முன்னோர் நூல்களின் பட்டியலைப் படித்தார், தேவையானவற்றைக் கேட்டுப் பெற்றார். பலர் பெயரளவிலும் அறியாத நூல்களை அங்கே கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். அப்பட்டியலைத் தயாரித்தவர் யார் என்பதை அவர் கூறவில்லை. ஆனால் பெயர் தெரியாத அந்தக் கைகளின் உழைப்பு இல்லையேல், அத்தனை நூல்களும் ஓர் இளைஞனுக்குப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்திருக்கும்.

கெய்ரோவில் கி.பி. 1005இல் நிறுவப்பட்ட தாருல் இல்மு, வருவோர் அனைவருக்கும் திறந்திருந்தது. அதன் ஆண்டுச் செலவுக் கணக்கை மக்ரீஸி பதிவுசெய்துள்ளார். நகலெடுப்போரின் காகிதத்திற்கு 90 தீனார், நூலகரின் ஊதியம் 48 தீனார், குடிநீருக்கு 12 தீனார், வாசகர்களின் காகிதம், மை, எழுதுகோலுக்கு 12 தீனார், சிதைந்த நூல்களைச் செப்பனிட 12 தீனார். திரைச்சீலையைச் சீர்செய்ய ஒதுக்கிய ஒரு தீனாரும் அதில் உண்டு. வாசகனின் தாகமும் நூலின் கிழிசலும் ஒரே கணக்கில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். எதற்குச் செலவாகிறது என்பதை ஒளிவின்றிக் காட்டும் கணக்கைவிட வலிமையான வேண்டுகோள் எது?

மெர்வ் நகரின் கதை இன்னும் உருக்கமானது. யாகூத் அல் ஹமவி விடுதலை பெற்ற அடிமை. நூல்களை நகலெடுத்தும் விற்றும் வாழ்ந்தவர். மெர்வில் பத்து வக்ஃபு நூலகங்கள் இருந்தன, அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன என்கிறார் அவர். இரவல் பெற்ற இருநூறு ஏடுகளேனும் அவர் இருப்பிடத்தில் எப்போதும் இருக்குமாம். பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை. தாத்தாரியரின் வருகை நெருங்கவே ஹிஜ்ரி 616இல் அவர் அந்நகரைவிட்டு வெளியேறினார். கி.பி. 1221இல் மெர்வ் அழிந்தது. அந்நூலகங்கள் இன்று நம் அறிவில் வாழ்வது யாகூத் தம் புவியியல் அகராதியில் நன்றியோடு எழுதிய சில வரிகளால்தான். வெளியூர்க்காரர் ஒருவரை நம்பி நூலைக் கொடுத்த அந்த நூலகர்கள், தம் நூலகத்திற்கு ஒரு சாட்சியையும் தேடிக்கொண்டார்கள்.

இதற்கு மாறான பாடத்தைக் குர்துபா தருகிறது. இரண்டாம் ஹகமின் அரண்மனை நூலகத்தில் பட்டியல் மட்டுமே 44 ஏடுகள் இருந்தன. நூலகர் தலீத் கூறிய இச்செய்தியை இப்னு ஹஸ்ம் பதிவுசெய்தார். கி.பி. 976இல் ஹகம் மறைந்தார். பின்னர் அதிகாரம் மன்சூரின் கைக்கு வந்தபோது, பண்டைய அறிவியல் நூல்கள் பல நெருப்பிலிடப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உள்நாட்டுக் கலகத்தின்போது விற்கப்பட்டது. ஒரு மன்னரின் ஆர்வத்தை நம்பி நின்ற நூலகம், அவருக்குப் பின் ஆதரவற்றுப் போனது.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) ஒவ்வொரு பணியாளரின் கடமையையும் விளக்கி எழுதிய நூலில் நூலகரையும் சேர்த்தார். நூல்களைப் பாதுகாப்பதும், கட்டு அவிழ்ந்தவற்றைச் சீர்செய்வதும், தேவையுடையோருக்கு வழங்குவதும் அவர் கடமை. நூல் வாங்க வசதியற்ற ஏழைக்குச் செல்வந்தரைவிட முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். நூலகர் பணியை அவர் ஓர் அமானிதமாகவே கண்டார் என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் மஹல்லாக்களிலும் மதரஸாக்களிலும் சிறு நூலகங்கள் உண்டு. அரபுத்தமிழ் ஏடுகள் பல இன்னும் பீரோக்களில் உறங்குகின்றன. இடம் போதவில்லை என்னும் பேச்சு எழும்போது முதலில் காலியாவது நூலக அறையாக இருந்துவிடக் கூடாது. அதைத் தடுக்கப் பெரிய அதிகாரம் வேண்டியதில்லை. நூல்களுக்கு ஒரு பட்டியல், இரவலுக்கு ஒரு குறிப்பேடு, இம்மாதம் யார் எதைப் படித்தார் என நிர்வாகக் குழுவிடம் சொல்ல ஐந்து நிமிடம், ஜும்ஆவுக்கு வரும் சிறுவனை அழைத்து ஒரு நூலைக் கையில் கொடுக்கும் பரிவு, இவை போதும். வாசகர்களைப் பெற்ற அறையைப் பூட்ட எவரும் எளிதில் துணியமாட்டார்கள்.

அறிவின் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் ஒவ்வொருவரின் உழைப்பையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.