சொந்தத்தின் வழியும் நட்பின் வழியும்: திருநெல்வேலித் திருச்சபையில் விசுவாசம் பரவிய இரு தடங்கள்

தென் தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மிஷனெரிமார் பெயரால் காலத்தைப் பிரித்தார்கள். சுவார்ட்ஸ் காலம், ரேனியஸ் காலம், கால்டுவெல் காலம் என்று அந்த வரிசை போகிறது. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயினும் அக்காலக் குறிப்புகளைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கு ஒன்று தெளிவாகும்: பாதிரியார் காலடி படுமுன்பே சுவிசேஷம் வந்து சேர்ந்த ஊர்கள் உண்டு. மயிலாடி இதற்கு நல்ல சான்று. அவ்வூரைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்குப் புனிதப் பயணம் போனார். அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் தம் உறவினரிடம் தங்கியபோது கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரோடு ஊர் திரும்பித் தம் சனங்களுக்கு அதைச் சொன்னார். மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல். அப்போது அவரை எதிர்பார்த்திருக்க அங்கே ஒரு கூட்டம் இருந்தது.

இன்று சபைகளில் தனிப்பட்ட உறவுகள் வழியாகச் சுவிசேஷம் அறிவிப்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. கைப்பிரதி கொடுப்பதும் ஒலிபெருக்கி வைத்துத் தெருக்கூட்டம் நடத்துவதும் முன்போல் பயன் தருவதில்லை, ஆகவே ஒவ்வொரு சபைப் பிள்ளையும் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேச வேண்டும் என்கிறார்கள். இதைப் புதிய உத்தியாக முன்வைப்பதில்தான் பிழை இருக்கிறது. நம் மண்ணில் விசுவாசம் பரவியதே இப்படித்தான். அது இரண்டு தடங்களில் பரவியது: ஒன்று சொந்தத்தின் தடம், மற்றது சாதி கடந்த நட்பின் தடம். முதலாவது நம்மைப் பெருகச் செய்தது. இரண்டாவதை நாம் புழக்கத்திலிருந்து நழுவவிட்டோம். இப்போது நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது தடம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாளையங்கோட்டையும் முதலூரும்

1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் குளோரிந்தா. கோகிலா என்ற இயற்பெயர் கொண்ட மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். கிறிஸ்தவ விசுவாசத்தை அவரிடமிருந்தே முதலில் கற்றார். முறைப்படி மணம் செய்யாமல் வாழ்ந்ததால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவார்ட்ஸ் மறுத்திருந்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778-ல், அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்று அதைச் சொல்வது ஊர் வழக்கு.

அந்த 40 பேரும் ஒரே சாதியார் அல்லர். பாளையங்கோட்டை கோட்டையும் படையும் இருந்த ஊர். வெவ்வேறு இடங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். பிறப்பால் சேர்ந்திருக்க வாய்ப்பில்லாதவர்களை ஒரே பட்டியலில் சேர்த்தது அந்தப் பழக்கமும் அதன்மேல் வந்த விசுவாசமும்தான். ஆசாரக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், தன் உறவு முழுவதும் ஒதுக்கியிருக்கக்கூடிய நிலையில், பலதரப்பட்டவர்கள் அடங்கிய சபைக்குத் தாய்போல் நின்றதை நம் சபை வரலாற்றின் மிக அரிய தொடக்கமாக நான் மதிக்கிறேன்.

முதலூரின் கதை வேறு. சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம் வீட்டைவிட்டுப் போய்த் தஞ்சாவூரில் விசுவாசத்தைக் கற்றவர். 1790-ல் குருப்பட்டம் பெற்றிருந்த சத்தியநாதனுக்கு உதவியாக அவர் சொந்தச் சீமைக்கே அனுப்பப்பட்டார். வந்தவர் முதலில் தம் உறவினரிடம் போனார். அவர்கள் கேட்டார்கள், 1797-ல் ஞானஸ்நானம் பெற்றார்கள். எதிர்ப்பு கடுமையாக வந்தது. ஜெபவீடு அழிக்கப்பட்டது. துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியேற்ற 1799-ல் நிலம் வாங்கி ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அதற்கு முதலூர் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில், குறிப்பாக 1802, 1803-ல், அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். எல்லாம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். செய்தி சம்பந்தி வீடு சம்பந்தி வீடாகப் போனது.

சொந்தத்தின் தடம் ஏன் இவ்வளவு வலுவானது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. தனியாளாக மதம் மாறுகிறவன் கல்யாணத்துக்குப் பெண்ணையும் சாவுக்குத் தோள் கொடுப்பவரையும் ஒருசேர இழக்கிறான். குடும்பமாக, கிளையாக வருகிறவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அடி விழுந்தாலும் சேர்ந்து தாங்குவார்கள். ஜே. வாஸ்காம் பிக்கெட் 1933-ல் இந்தியாவின் கூட்ட மனமாற்றங்களைப் பற்றி எழுதிய நூலும், டொனால்டு மெக்காவரன் 1955-ல் எழுதிய ‘கடவுளின் பாலங்கள்’ என்ற நூலும் இந்த உண்மையை மிஷனெரி உலகத்துக்கு எடுத்துக் காட்டின. இன, மொழி, வர்க்கத் தடைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவர்களாவதை மக்கள் விரும்புகிறார்கள் என்று மெக்காவரன் சொன்னார். சமூக நடப்பாக அது சரி. அதையே சபையின் கொள்கையாக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

சொந்தம் கொண்டுவந்ததைச் சொந்தமே கொண்டுபோகவும் செய்யும். 1803-க்குப் பிந்தைய ஆண்டுகளில் போதிக்க ஆளில்லாமல், கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, திருநெல்வேலியில் பலர் கூட்டமாகப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். இதைவிட நீண்டு நிற்கும் விளைவு இன்னொன்று. சொந்தத்தின் தடம் சாதியின் எல்லையில் நின்றுவிடும். ஏனென்றால் நம் நாட்டில் சொந்தம் என்பதே சாதிக்குள் அடங்கியது. ஒரே மறைமாவட்டத்தில், ஒரே ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆலயம் இன்னாருடையது என்று சொல்லும் நிலை இதிலிருந்தே வந்தது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் பிரிந்துவிடுகிறார்கள். உங்கள் விசுவாசத்தை அடுத்தவருக்குச் சொல்லுங்கள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போது நாம் மனத்துக்குள் எண்ணிப் பார்க்கும் பெயர்கள் பெரும்பாலும் நம் ஆட்களுடையவை.

1910-ல் கேட்ட குரல்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். முதலூரில் தொடங்கிய ஓட்டத்தில் வந்த கிராமத்துக் குருவானவரின் மகன். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை அனுப்புவதை 1902-ல் பார்த்துவிட்டு வந்து, 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பலரைக் கோபப்படுத்தியது. மிஷனெரிமார் இந்தியருக்காக உயிரையும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, தங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முடித்தார். நன்கொடையும் தியாகமும் மேலிருந்து கீழே வரலாம், நட்பு அப்படி வராது என்பதே அதன் சாரம். 1912-ல் தோர்ணக்கல் பேராயரான பிறகு, தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா மக்களிடையே, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் சாட்சி சொல்லக் கடன்பட்டவர் என்று இடைவிடாமல் கற்பித்தார்.

அந்த உரை வெள்ளைக்காரரைக் குறித்தது என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். இன்று நம் தெருவில் இருக்கும் பிற சமயத்தார் நம்மைப் பார்த்து அதையே சொல்ல இடமுண்டு. பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தோம், ஏழைகளுக்குப் புடவை கொடுத்தோம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோமா?

இந்தக் கேள்வி நம் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டின் வடிவில் வந்து நிற்கிறது. தீபாவளியன்றோ சரஸ்வதி பூஜையன்றோ பக்கத்து வீட்டு அக்கா சுண்டலும் முறுக்கும் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிக் கொண்டுவருகிறார். வாசலில் நிற்கும்போதே நம் வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: “சாமிக்குப் படைச்சதா?” பல ஆண்டுப் பழக்கமுள்ள அக்காவாக இருந்தால் அவரே முந்திக்கொள்வார்: “உங்களுக்குன்னு படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுட்டேன்.” விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்பது பற்றிய நம்மவர் மனச்சாட்சியை நான் எள்ளவும் இகழவில்லை. அதற்காக அடியும் இழப்பும் பட்ட முன்னோர் நமக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் யார் யாருக்கு இடம் விட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நம் விசுவாசத்தின் நுட்பமான விதி ஒன்றைத் தெரிந்து, தம் பூஜைக்கு நடுவே அதை நினைவில் வைத்து, நமக்கென்று ஒரு கிண்ணத்தை ஒதுக்கி வைத்தவர் அவர். அவருடைய வழிபாட்டைப் பற்றி நமக்கு அந்த அளவு தெரியுமா? அவருடைய விரத நாள் எதுவென்று அறிந்து நாம் என்றைக்காவது எதையாவது தனியாக எடுத்து வைத்திருக்கிறோமா?

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இதே சிக்கலைப் பற்றித்தான். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போங்கள், முன்னே வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள், படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் அவர் மனச்சாட்சியின்பொருட்டுத் தவிருங்கள் என்கிறார். வாசலில் நின்று விசாரிப்பது பவுல் சொன்ன ஒழுங்குக்கு நேர்மாறானது. பவுல் நம்மைப் போகச் சொல்லும் இடம் அடுத்தவர் வீட்டுப் பந்தி. அங்கே விருந்தளிப்பவர் அவர், விருந்தாளி நாம்.

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தில் கொர்நேலியு தன் உறவினரையும் நெருங்கிய நண்பரையும் கூட்டி வைத்துக் காத்திருக்கிறான். சொந்தமும் நட்பும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. எருசலேமுக்குத் திரும்பிய பேதுருவைச் சபையார் குற்றம் சாட்டியது அவன் பிரசங்கித்ததற்காக அன்று; விருத்தசேதனமில்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிட்டதற்காக. அந்த வீட்டுக்குள் நுழைந்ததில் கொர்நேலியு மட்டும் மாறவில்லை. கடவுள் ஆள்பார்த்துப் பட்சபாதம் செய்வதில்லை என்பதைப் பேதுருவும் அங்கேதான் உணர்ந்தான். சொந்தக்காரரிடம் மட்டும் சாட்சி சொல்கிறவருக்கு இந்தப் பாடம் கிடைப்பது அரிது.

மறுப்பதற்கான உரிமை

நட்பைச் சபை வளர்ச்சிக்குக் கருவியாகப் பயன்படுத்தலாமா என்பது கடினமான கேள்வி. ஆத்தும ஆதாயம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த ஆதாயத்தை மனத்தில் வைத்துப் பழகுவது அடுத்தவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். நம் அரசமைப்பின் 25-ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. தமிழ்நாட்டிலும் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் நீக்கப்பட்டது. சட்டத்தின் நியாய அநியாயம் தனியாக ஆராய வேண்டியது. சட்டமே இல்லாவிட்டாலும் சபைக்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் வேண்டும். நான் முன்வைக்கும் அளவுகோல் இது: நான் சொன்னதை ஒருவர் வேண்டாம் என்றால், எங்கள் பழக்கம் அப்படியே தொடருமா? தொடரும் என்று இருவருக்கும் உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டுமே சாட்சி நேர்மையானது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் முதலாளியம்மாவும், கடன் வாங்கியவரிடம் கடன் கொடுத்தவரும், வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் பள்ளித் தாளாளரும் பேசும் சுவிசேஷத்தில் இந்த உறுதி இல்லை. அங்கே வாய் பேசாமல் நீதியாக நடந்துகொள்வதே சாட்சி.

நட்பின் தடம் மெதுவானது என்று சிலர் மறுக்கலாம். மெதுவானதுதான். கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவ வேளாளர். சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர். அவருக்கு முன்பே அவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனுக்கோடி ராஜுவும் கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். ஒருவர் சொந்தம், ஒருவர் வேற்றுச் சாதி நண்பர். இவர்களோடு பேசியும் படித்தும் உள்ளே போராடியும் 1858-ல்தான் அவர் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் ஊறிய அந்தக் கைக்கு இரட்சணிய யாத்திரிகத்தை எழுதி முடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அது 1894-ல் வெளிவந்தது. எண்ணிக்கையில் இது ஒரே ஒரு மனமாற்றம். தமிழுக்கும் திருச்சபைக்கும் அதன் பயன் இன்னும் தீரவில்லை.

ஆகவே சேகரங்கள் ஆண்டறிக்கையில் எத்தனை பேருக்குக் கைப்பிரதி கொடுத்தோம், எத்தனை கிராமம் சந்தித்தோம் என்று எழுதுவதோடு நிற்க வேண்டாம். ஒவ்வொரு சபைக் குடும்பமும் தன் சாதிக்கு வெளியே, தன் சமயத்துக்கும் வெளியே, ஒரு குடும்பத்தோடு வீட்டுக்கு வீடு போய்ச் சாப்பிடும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டு நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் இரவு துணை இருக்கட்டும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபிக்கட்டும். வேண்டாம் என்றால் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வரட்டும். கிறிஸ்துவைப் பற்றி அவர்கள் கேட்கும் நாள் வந்தால், தெரிந்ததைத் தெளிவாகவும் கூச்சமில்லாமலும் சொல்லட்டும். அதற்கு முன்னதாக, சேகரக் குருமாரும் சபை மூப்பர்களும் தங்கள் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் சாதி பார்ப்பதை விட வேண்டும். நட்பின் தடத்தை நாம் மீண்டும் திறந்துவிட்டோம் என்று வெளியில் இருப்பவர்கள் நம்புவதற்கு முதல் சான்று அங்கிருந்துதான் வர வேண்டும்.