நீலக் கோழியின் தூய்மை

கோழி வளர்ப்பைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசப் புகுவது சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் ‘தூய இனம்’ என்னும் சொல் எவ்வாறு பிறந்தது, அதை யார் நிர்ணயித்தார்கள், அதற்காக எவை கழித்துவிடப்பட்டன என்று அறிய விரும்புவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கோழிக் கண்காட்சிகளை ஒருமுறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

1835இல் இங்கிலாந்தில் விலங்குவதைத் தடைச் சட்டம் வந்தது. சேவற்சண்டைக் களங்கள் சட்ட விரோதமாயின. பத்தாண்டுகள் கழித்து, 1845இல், லண்டன் விலங்கியல் பூங்காவில் கோழிகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதே காலத்தில் சீனத்திலிருந்து வந்த கொச்சின் என்னும் பேருருவக் கோழிகள் நாட்டையே மயக்கின. விக்டோரியா அரசியும் அவற்றை வளர்த்தார். களத்தில் நின்று வெல்லும் சேவலுக்கு நடுவர் பெரிதாகத் தேவையில்லை. எது வீழ்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கூண்டில் நிற்கும் சேவலுக்கோ நடுவர் வேண்டும். நடுவருக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் 1865இல் அச்சேறியது. கோழி வளர்ப்போர் சங்கத்தின் சார்பில் டெகட்மையர் தொகுத்த அந்நூல், கொண்டை எவ்வாறிருக்க வேண்டும், காது மடல் என்ன நிறம், கால் என்ன நிறம், வால் எவ்வளவு உயரம் என்று இனந்தோறும் இலக்கணம் வகுத்தது.

நமக்குத் தெரிந்த இலக்கணங்கள் இலக்கியத்தைக் கண்டு எழுந்தவை. இங்கே நடந்தது தலைகீழ்: இலக்கணம் எழுதப்பட்டது, கோழி அதற்கேற்ப மாறியது. டெகட்மையரிடம் நெடுங்காலம் கடிதம் வழியே செய்தி திரட்டிய சார்லஸ் டார்வின், 1868இல் வெளியிட்ட வளர்ப்பு உயிரினங்கள் பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஸ்பானியச் சேவலின் கொண்டை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நடுவர்கள் விதித்தனர். நான்கைந்து ஆண்டுகளில் நல்ல சேவல்கள் அனைத்தின் கொண்டையும் நிமிர்ந்துவிட்டது. போலிஷ் இனத்துக்கு இறகுத் தாடி வேண்டும் என்றனர். பின்னர் படிகமாளிகைக் கண்காட்சிக்கு வந்த 57 கூண்டுகளிலும் தாடியில்லாத கோழி ஒன்றுகூட இல்லை. இயற்கையின் தேர்வை விளக்க முனைந்த டார்வினுக்கு, மனிதத் தேர்வின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

அந்த வலிமைக்கு விலையும் உண்டு. கரிய உடலும் வெள்ளை முகமும் கொண்ட ஸ்பானியக் கோழி, பெரிய வெண்முட்டைகளுக்காகப் போற்றப்பட்டது. வெள்ளை முகம் பரிசுக்குரியதானதும், ஒவ்வொரு தலைமுறையிலும் முகம் மிக அகன்ற கோழிகளே அடுத்த தலைமுறைக்கு நிறுத்தப்பட்டன. முகம் விரிந்தது, உடலின் உரம் குன்றியது. குஞ்சுகள் பிழைப்பதே அரிதாகி, நூற்றாண்டின் இறுதியில் அவ்வினம் செல்வாக்கிழந்தது. நடுவரின் அளவுகோலில் முகத்துக்கு இடமிருந்தது. பிழைக்கும் வலிமைக்கு இடமில்லை.

இனவிருத்திக்கு எந்தச் சேவலையும் எந்தப் பெட்டையையும் சேர்ப்பது என்பது இதனினும் சிக்கலான கேள்வி. பரிசு பெற்ற சேவலையும் பரிசு பெற்ற பெட்டையையும் சேர்த்தால் பரிசுக் குஞ்சுகள் பிறக்கும் என்றுதான் யாரும் எண்ணுவர். அமெரிக்காவின் பிளிமத் ராக் கோழி அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. அதன் இறகுகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடுகள் ஓடும். சேவலும் பெட்டையும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கோடு தரும் மரபுக்கூறு தூய இனச் சேவலுக்கு இரு படிகளாகவும் பெட்டைக்கு ஒரே படியாகவும் கிடைக்கிறது. ஆகவே சேவல் இயல்பிலேயே வெளிறியும் பெட்டை கறுத்தும் இருக்கும். காரணம் அறியாத வளர்ப்பாளர்கள் அனுபவத்தால் ஒரு வழி கண்டனர். பரிசுச் சேவல்களைப் பெறக் கறுத்த வழி ஒன்று, பரிசுப் பெட்டைகளைப் பெற வெளிறிய வழி ஒன்று என இரண்டைத் தனித்தனியே பேணினர். முதல் வழியின் பெட்டைகளும் இரண்டாம் வழியின் சேவல்களும் கண்காட்சிக்கு உதவாதவை. ஆனால் அவை இல்லாமல் பரிசுக் கோழி இல்லை. மேடையில் ‘ஓர் இனத்தின் இணை’ என்று அருகருகே நின்றவை, உண்மையில் இரு வேறு குடும்பங்களின் பிள்ளைகள்.

இவற்றுள் நம்மை மிகவும் யோசிக்க வைப்பது ஆண்டலூசியக் கோழியின் கதை. சாம்பல் கலந்த நீலம் அதன் பெருமை. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதிதான் நீலமாயின. கால் பங்கு கறுப்பு, கால் பங்கு கறை படிந்த வெள்ளை. இரத்தத்தில் ஏதோ கலப்பு இருக்கிறது, தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க அது நீங்கிவிடும் என்று வளர்ப்பாளர்கள் நம்பினர். கறுப்பையும் வெள்ளையையும் கழிவு என்று ஒதுக்கினர். எத்தனை தலைமுறை ஒதுக்கியும் அவை பிறந்துகொண்டே இருந்தன.

விடை வேறோர் இடத்தில் காத்திருந்தது. கோழி இலக்கணம் அச்சான அதே 1865இல், புரூன் நகரில் மெண்டல் என்ற துறவி தம் பட்டாணிச் செடி ஆய்வுகளைப் படித்தார். 1900 வரை உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை வில்லியம் பேட்சன் 1902இல் கோழிக் கொண்டைகளைக் கொண்டே காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் பன்னட்டும் நீலக் கோழியின் புதிரையும் அவிழ்த்தனர். கறுப்புக்கான கூறு ஒன்றும் வெள்ளைக்கான கூறு ஒன்றும் சேர்ந்தால் நீலம். எனவே நீலம் ஒருபோதும் தூய்மையாக முடியாது. தூயவை, கழிவென்று ஒதுக்கப்பட்ட கறுப்பும் வெள்ளையும்தாம். அவ்விரண்டையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலமாகவே பிறக்கும். அரை நூற்றாண்டாகத் தேடிய வழி, ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கப்பட்ட குஞ்சுகளிடமே இருந்தது.

இது கோழிகளோடு முடிந்திருந்தால் நாம் சிரித்துவிட்டு நகரலாம். 1906இல் கோழிகளின் மரபு பற்றி நூல் எழுதிய அமெரிக்கர் சார்லஸ் டேவன்போர்ட், 1910இல் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மனித இனமேம்பாட்டுப் பதிவகத்தைத் தொடங்கினார். எந்தக் குடும்பங்கள் பெருகலாம், எவை பெருகக் கூடாது என்று அங்கே அட்டைகளில் குறித்தார்கள். அப்பதிவகம் 1939இல் மூடப்பட்டது. ஆயினும் இத்தகைய எண்ணங்களிலிருந்து எழுந்த சட்டங்கள் அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60,000க்கும் மேற்பட்டோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கின.

நீலக் கோழியின் பாடம் அப்போது புதிதாகவே இருந்தது. டேவன்போர்ட் அதே துறையில் உழைத்தவர். தெரிந்திருந்தும், கண்ணுக்கு உகந்ததே தூயது என்னும் பழக்கத்திலிருந்து அவரால் விடுபட முடியவில்லை. கோழி வளர்ப்பாளர்களையாவது அவர்கள் கூண்டின் குஞ்சுகள் ஓயாமல் மறுத்துக்கொண்டிருந்தன. அட்டைகளில் குறிக்கப்பட்ட மனிதர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.