முந்நூற்றறுபது நாள் பொறுப்பு: உத்தரமேரூர்ச் சாசனத்தின் ஒரு விதி குறித்து

2020 இல் இலங்கை அரசாங்கம் பல்லாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் ஓராண்டுப் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. ஓராண்டில் ஒருவர் ஓர் அலுவலகத்தின் வேலையைக் கற்றுவிட முடியுமா, அல்லது அது நியமனத்துக்குக் காத்திருக்கும் காலந்தானா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பிரதேச செயலகத்துக்கும் வத்தளை–மாபொல நகர சபைக்கும் அலுவலாகப் போய்வருபவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை. உள்ளூர்ப் பொறுப்பை ஓராண்டுக்கு அளவிட்டுக் கொடுக்கும் வழக்கம் தமிழரிடையே ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு எதற்காக என்பதில் நமது வாசிப்பு ஒரே தடத்தில் போயிருக்கிறது. அந்தத் தடத்தை இட்டவர் வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் இரு சாசனங்கள் நன்கு அறியப்பட்டவை. ஆட்சியாண்டு 12 இல் ஒன்று, 14 இல் மற்றொன்று. 907 இல் ஆட்சி தொடங்கியதாகக் கொண்டால் அவை 919, 921. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை வெளியிட்டார். சாஸ்திரி 1932 இல் வெளியான தமது ஆய்வு நூலிலும் பின்னர் ‘சோழர்கள்’ பெருநூலிலும் அவற்றுக்கு நிலையான விளக்கம் தந்தார். அவரது பார்வையில் திறமையான உத்தியோகத்தர் அமைப்பும் உயிரோட்டமுள்ள ஊர்ச்சபைகளும் கைகோத்து நின்றன. அதனால் குடியுணர்வு வளர்ந்தது. நிருவாகத்தின் திறனும் தூய்மையும் இந்து அரசுகள் எட்டியவற்றுள் ஒருவேளை மிக உயர்ந்த நிலையை அடைந்தன. உத்தரமேரூரில் இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 919 தீர்மானத்தின்போது தத்தனூர் மூவேந்தவேளானும், 921 இல் சோமாசிபெருமானும் அரசனின் சார்பில் சபையில் இருந்தனர். உத்தியோகத்தரும் சபையும் சேர்ந்து எடுத்த முடிவுகள் அவை.

சாஸ்திரியின் உழைப்புக்கு இத்துறையில் எவரும் கடன்பட்டவரே. ஆயினும் ‘தூய்மை’ என்ற அளவுகோல் சாசனத்தின் ஒரு பாதியை மட்டுமே அளக்கிறது. அதை முதன்மைப்படுத்தினால் நம் கண் தகுதியிழப்பு விதிகளிலேயே தங்கிவிடும். அவை கண்ணை ஈர்ப்பவை என்பதும் உண்மை. ஊர்ச்சபையின் செயற்குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவரோடு அவருடைய தாயின் அக்காள் தங்கை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், சகோதரியின் கணவர், மருமகன், தகப்பன், மகன் எனச் சுற்றம் முழுவதும் குலுக்கல் ஓலையில் பெயர் எழுதப்படாமல் விலக்கப்பட்டது. இந்த நீண்ட பட்டியல் உயர்ந்த தூய்மைக்குச் சான்றா, கடுமையான மோசடிக்குச் சான்றா? இரண்டே ஆண்டில் விதியைத் திருப்பி எழுத நேர்ந்த சபையை நிறைவான நிருவாகத்தின் எடுத்துக்காட்டாகக் கொள்வது கடினம். ஊழல் நடந்தது, கணக்கு வரவில்லை, ஆகவே விதி இறுகியது என்பதே நேரான வாசிப்பு.

எனது முதன்மையான வேறுபாடு இதுவன்று. 921 சாசனத்தில், ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலை எடுத்த பிறகு வரும் ஒரு விதி, பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் குடத்திலிருந்து எடுத்த ஓலைகளால் முப்பது பேர் அமைகிறார்கள். அவர்களுள், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு (ஆண்டு வாரியத்துக்கு) செல்ல வேண்டும். எஞ்சியோரில் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். மூன்று வாரியத்தாரும் 360 நாள் நிறைந்ததும் விலக வேண்டும். பின்னிரண்டு வாரியங்களும் ‘கரை காட்டி’க் கொள்ளப்பட்டன என்கிறது வாசகம், அதன் செயல்முறை பற்றி அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை.

இந்த வரிசையை நான் ஒரு படிமுறையாகக் காண்கிறேன். தோட்டமும் ஏரியும் கற்கும் ஆண்டு. சம்வத்சரம் கற்றதைப் பயன்படுத்தும் ஆண்டு. உத்தரமேரூரின் வைரமேக தடாகத்துக்கு வண்டல் அள்ளுவதற்கென வந்த அறக்கொடைகள் ஏரி வாரியத்தின் பொறுப்பில் இருந்தன. எந்த மடை அடைபட்டது, எவ்வளவு மண் எடுபட்டது, யார் கொடுத்த பொன்னின் பலிசையில் (வட்டியில்) கூலி போயிற்று என்று ஓராண்டு பார்த்தவர், ஊரின் பொதுக் காரியத்துக்கு வரும்போது வேறு ஆளாக வருவார். குலுக்கல் எல்லாரையும் சமமாக்கியது என்பதே நாம் கேட்டுப் பழகிய விளக்கம். குலுக்கல் முடிந்த கணமே அனுபவம் தரம் பிரித்தது என்பதைச் சாசனமே சொல்கிறது.

இன்னொரு விதி இதை வலுப்படுத்துகிறது, சிக்கலாகவும் ஆக்குகிறது. கடந்த மூன்றாண்டில் எந்த வாரியத்திலும் இருந்திராதவரே பெயர் எழுதப்படலாம். ஆகவே 35 வயதில் ஏரி வாரியம் ஏறியவர் ஒருவர், மூன்றாண்டு ஒதுங்கியிருந்து, மறுபடி ஓலை வந்தால், 39 வயதளவில்தான் சம்வத்சரத்துக்குத் தகுதி பெறுவார். ஆண்டுதோறும் 18 பேர் கீழ் வாரியங்களில் கற்று வெளியேற, மேலே தேவை 12 பேர். நெடுங்காலப் போக்கில் எண்ணிக்கை பொருந்துகிறது.

இங்கேதான் வயது வரம்பின் மாற்றம் பொருள் பெறுகிறது. 919 இல் 30 முதல் 60 வரை. 921 இல் 35 முதல் 70 வரை. இளையோரை ஐந்தாண்டு தள்ளிவைத்ததற்கு முதிர்ச்சியைக் காரணமாகச் சொல்லலாம். மேல் வரம்பை ஏன் பத்தாண்டு உயர்த்த வேண்டும்? மோசடியைத் தடுப்பது மட்டுமே நோக்கமானால் அதற்குத் தேவையே இல்லை. ஒருமுறை பொறுப்பில் இருந்து, மூன்றாண்டு விலகி, குலுக்கலில் மறுபடி பெயர் விழும்வரை காத்திருப்பவருக்குக் காலம் போதவில்லை. அந்தக் காலத்தை நீட்டவே பத்தாண்டு கூட்டப்பட்டது என்பது என் கருத்து. சாசனம் காரணம் சொல்லவில்லை. இருந்தும், இரு மாற்றங்களையும் ஒருங்கே விளக்கும் வேறு காரணத்தை நான் காணவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. குலுக்கலில் வந்த முப்பதின்மருள் அனுபவமுள்ளோர் பன்னிருவர் அமைவது உறுதியில்லை. அதை அறிந்தே கல்வியும் வயதும் மாற்றுத் தகுதிகளாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் நான் படிமுறை என்பது விருப்பம் மட்டுமே, கட்டாயம் அன்று. இதை ஏற்கிறேன். ஆனால் விதியை எழுதியவர்கள் முதலில் வைத்தது முன்னனுபவத்தை என்பது மாறாது.

இந்தக் கல்வி யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். வாரியத்துக்கு வரக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வேதம் ஒன்றோடு பாஷ்யம் ஒன்றையும் விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி போதும். பெண்ணும் உழுகுடியும் இதற்கு வெளியே. சாஸ்திரியின் ‘குடியுணர்வு’ இந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும், என் ‘படிமுறை’யும் அப்படியே.

வாரியத்தாருக்கு வெளியே, ஊர்க் கணக்கு எழுதியவர் பற்றிய விதி 921 இல் தனியாக வருகிறது. நேர்மையான ஈட்டமுடைய மத்தியஸ்தரே கணக்கு எழுத வேண்டும். தாம் எழுதிய கணக்கைப் பெருவாரியத்தாரிடம் தாமே ஒப்புவித்து, சுத்தன் என்று காணப்பட்ட பின்பே அவர் மறுபடி அவ்வேலைக்கு வர முடியும். வேறொரு கணக்கர் புகுந்து அவர் கணக்கை முடிக்கக் கூடாது. வாரியத்தார் ஆண்டுக்கு ஆண்டு மாற, தொடர்ச்சி இந்தக் கணக்கில் தங்கியது. பயிலுநர்களை ஆண்டுதோறும் ஏற்கும் எந்த அலுவலகமும் முதலில் பார்க்க வேண்டிய விதி இது: புதியவர் கையில் முந்தியவர் முடித்து ஒப்புவித்த கணக்கு இருக்கிறதா?

நமது தீவில் இத்தகைய ஊர்ச்சபையின் தொடர்ச்சியைத் தேடுவோர் கந்தளாய்க்குச் செல்ல வேண்டும். சோழர் காலத்தில் அங்கு இராஜராஜ சதுர்வேதிமங்கலம் இருந்தது. சோழ இலங்கேஸ்வரனின் சாசனம் அங்குள்ள சபையாரான பெருங்குறிப் பெருமக்களைக் குறிக்கிறது. பெரிய குளத்தின் கரையில் அமைந்த சபை அது. அதற்கும் ஏரி வாரியம் போன்ற ஒன்று இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். பெயர் ஒற்றுமையிலிருந்து அமைப்பு ஒற்றுமைக்குத் தாவ நான் துணியவில்லை. உத்தரமேரூர் விதிகள் அந்த ஊர் தனக்கென்று எழுதிக்கொண்டவை.