ஏரிக்கு அடியில் ஒரு வீடு

வேல்சு நாட்டின் வடபகுதியில், பாலா என்னும் சிறு நகருக்கு வடமேற்கே, மலைகளின் நடுவே ‘லின் கெலின்’ என்றோர் ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் கரையில் ஒரு நினைவுக் கல் உண்டு. ஹவோத் வாதோக் என்னும் பண்ணை வீடு அருகிலுள்ள நீரின் அடியில் கிடக்கிறது என்றும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குவேக்கர்கள் அங்கே கூடி வழிபட்டனர் என்றும், இப்பள்ளத்தாக்கிலிருந்து பலர் சமய விடுதலை நாடி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தனர் என்றும் அக்கல் அறிவிக்கிறது. தம் முன்னோரின் வீட்டைத் தேடி அமெரிக்காவிலிருந்து இங்கு வரும் ஒருவருக்குக் காணக் கிடைப்பது நீர்ப்பரப்பே. அப்படியானால் அவருடைய தேடல் வீண்தானா?

அம்மக்கள் ஊரை விட்டுப் போனதற்கு வறுமை முதற்காரணம் அன்று. குவேக்கர்கள் அரசின் திருச்சபையில் வழிபட மறுத்தார்கள், ஆணையிட மறுத்தார்கள், பத்திலொரு பங்கு வரி செலுத்தவும் மறுத்தார்கள். அதற்காக அபராதமும் சிறையும் அவர்களுக்கு வாய்த்தன, கால்நடைகள் பறிமுதலாயின. 1681இல் வில்லியம் பென் பென்சில்வேனியாவுக்கான அரச பட்டயம் பெற்றபோது, வேல்சு குவேக்கர்கள் அங்கே 40,000 ஏக்கர் நிலம் பெற உடன்பாடு செய்தனர். பாலாவைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்டு ஜோன்சின் தலைமையில் முதற்குழு 1682இல் அங்குச் சென்று இறங்கியது. அந்நிலம் லெனாப்பே பழங்குடியினரின் தாயகம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதே மெய்ரியோனித் மாவட்டத்தின் மற்றோர் ஊரான ட்ராஸ்வெனித்தில் பிறந்தவரே, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி புனித ஜான் ராபர்ட்சு. கத்தோலிக்கக் குருவாக இருந்த ஒரே குற்றத்திற்காக 1610இல் இலண்டனில் கொல்லப்பட்ட அவரை, 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதராக உயர்த்தினார். குவேக்கர்களின் இறையியல் வேறு, நம்முடையது வேறு. ஆயினும் மனச்சான்றுக்காக அவர்கள் கொடுத்த விலையை நாம் அறியாதவர்கள் அல்லர். அதிகாரம் கைக்கு வந்த இடங்களில் கத்தோலிக்க அரசுகளும் பிறரை இவ்வாறே வதைத்தன என்பதையும் தாழ்மையுடன் நினைவிற்கொள்வோம்.

இத்தகைய முன்னோரின் வீட்டைத் தேடுவோருக்கு முதல் தடையாக நிற்பது பெயரே. அக்கால வேல்சு மக்களிடையே நிலையான குடும்பப் பெயர் பரவலாக இல்லை. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவதுபோல, அவர்கள் ‘மகன்’ எனப் பொருள்படும் ‘ஆப்’ என்ற சொல்லை இடையே வைத்துத் தந்தை பெயரைப் பின்னே சேர்த்தனர். ‘ஆப் ஹவெல்’ நாளடைவில் பவல் ஆயிற்று. ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆயிற்று. பாலாவை அடுத்த லைத்கூம் பண்ணையில் வாழ்ந்த ஜான் ஆப் தாமஸ் என்பவர் பென்சில்வேனியாவில் நிலம் வாங்கியும், அங்குச் செல்லுமுன் 1683இல் இறந்தார். அவருடைய கைம்பெண் கேத்தரின் பிள்ளைகளுடன் அதே ஆண்டில் கடல் கடந்தார். ஜானின் மக்கள் என்பதால் அப்பிள்ளைகள் ஜோன்சு எனப் பெயர்பெற்றனர். அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் பழைய ஏடுகளில் ‘ஜோன்சு’ என்று தேடினால் தம் பாட்டனைக் காணவே மாட்டார்.

ஆகவே தேடுவோர் பற்றிக்கொள்ள வேண்டியது பண்ணையின் பெயரையே. ஆட்பெயர் தலைமுறைதோறும் மாறும். பண்ணைப் பெயரோ நூற்றாண்டுகளைக் கடந்தும் நிலைக்கும். புறப்பட்ட குவேக்கர்கள் தம் சபையிடம் நற்சான்று மடல் பெற்றுச் சென்று புதிய சபையில் ஒப்படைத்தார்கள். அம்மடல்களில் பல இன்றும் காக்கப்படுகின்றன. 1858க்கு முன் சமய நீதிமன்றங்களில் உறுதிசெய்யப்பட்ட உயில்கள் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்சு தேசிய நூலகத்தில் உள்ளன. பத்திலொரு பங்கு வரியைப் பணமாக மாற்றிய 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட நிலப்படங்களும் அங்கே உண்டு. எந்த வரியின்பொருட்டு முன்னோரின் மாடுகள் பிடித்துச் செல்லப்பட்டனவோ, அதே வரிக்காகப் பின்னாளில் எழுந்த படங்களே இன்று அவர்களின் வழிவந்தோருக்கு வயலையும் வரப்பையும் காட்டித் தருகின்றன!

ஆனால் ஹவோத் வாதோக்கைத் தேடிச் செல்பவருக்குப் படம் கிடைக்கும், வீடு கிடைக்காது. இலிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக இப்பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் சட்டம் இயற்றப்பட்டது. நாடாளுமன்றத்தில் வேல்சு உறுப்பினர் எவரும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. எனினும் சட்டம் நிறைவேறியது. 1965இல் காபெல் கெலின் என்னும் சிற்றூரின் ஆலயம், பள்ளி, அஞ்சலகம், வீடுகள், சுற்றியிருந்த பண்ணைகள் அனைத்தும் மூழ்கின. வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். கல்லறைத் தோட்டத்திலிருந்து சிலருடைய எலும்புகள் மட்டுமே வேறிடம் சேர்ந்தன. எஞ்சியோர் கற்காரைக்கு அடியில் அங்கேயே உறங்குகின்றனர். இலிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கோரியது.

ஆக, ஒரே பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் இருமுறை வெளியேறினர். முதன்முறை போனவர்கள் தம் மனச்சான்றைக் காக்கத் தாமே முடிவெடுத்தார்கள். இரண்டாம் முறை போனவர்களுக்கோ அந்த உரிமையும் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவாறு ஏரிக்கரையில் நிற்பவரின் தேடல் வீணன்று. ஆபிரகாம் விட்டுவந்த தந்தையின் வீடு எத்தெருவில் இருந்தது என்று விவிலியம் சொல்லவில்லை. யாருடைய அழைப்பை ஏற்றுப் புறப்பட்டார் என்பதையே சொல்கிறது. முன்னோரின் சுவரைத் தொட முடியாதவரும் அவர்கள் புறப்பட்ட காரணத்தைத் தொட முடியும்.

அதற்கும் எவரோ ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். ஏதோ ஒரு சபையின் எழுத்தர் மடலில் பண்ணையின் பெயரையும் சேர்த்தெழுதியதால்தான், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பம் தன் வழியைக் கண்டுகொள்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஊர்ப் பெயரை எழுதும் போதெல்லாம் இவ்வெண்ணம் எனக்கு எழுகிறது. நம் இல்லத்து முதியோரிடம் அவர்கள் பிறந்த வீட்டின் பெயரை இன்றே கேட்டு எழுதி வைப்போம். வீடு நிலைத்திராது, எழுதிய பெயர் நிலைக்கும்.